சுவருக்கு அந்தப்பக்கம் ஆறு மூட்டை

ஞானசுந்தரிக்குக் கோபம் வருவது ஏழாயிரம்பண்ணைக்குப் புதிதல்ல. மல்லாங்கிணற்றில் களையெடுத்துக்கொண்டிருந்தவள் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷம். வந்த மறுமாதமே தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைக்கப் போனாள். நிறுத்தத்தில் நிற்காமல் போன பஸ்ஸை நடுரோட்டில் நின்று மறித்திருக்கிறாள். ரேஷன் கடைத் தராசை வெளியே எடுத்து வைத்து ஊருக்கே காட்டியிருக்கிறாள். கோபப்பட வேண்டியவர்கள் கோபப்படாமல் இருந்தால் அதையும் சேர்த்து நான்தானே படவேண்டியிருக்கிறது என்பாள். அதில் தப்பும் இல்லை.

2006 அக்டோபரில், தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, அவள் கோபமெல்லாம் ஒரு சுவரின் மேல் இருந்தது. சுவருக்கு இந்தப்பக்கம் அவள் மகள் வேல்விழி, தலைப்பிரசவத்துக்கு வந்து கட்டிலில் படுத்திருந்தாள். அந்தப்பக்கம், பட்டாசு செய்து விற்கிற வெள்ளைத்துரை வீட்டு அறையில் ஆறு மூட்டை பட்டாசு மருந்து. வெடிக்குள் அடைக்கிற கலவை அது. வீட்டில் வைக்கவே கூடாது. உரசினாலே போதும்.

தெருவில் யாரும் கேட்காமல் இல்லை. கேட்டதற்கு வெள்ளைத்துரை வாசலில் நின்று சொன்ன பதில் இது: "எவனாச்சும் மேலதிகாரிக்கு எளுதிப் போட்டா நானே கொள்ளி வச்சிருவேன். நான் மட்டுமா போவேன்? தெருவே போகும்லே."

அதோடு தெரு வாயை மூடிக்கொண்டது.

அவள் புருஷன் ஆண்டிச்சாமி மட்டும் வாயை மூடவில்லை. ஆனால் அவர் பேசியது வடகொரியாவைப் பற்றி. அன்றுதான் அந்த நாடு அணுகுண்டை வெடித்துப் பார்த்ததாகச் செய்தி. டீக்கடை பெஞ்சில் பேசியது போதாதென்று வீட்டுக்கு வந்தும் ஆரம்பித்தார்.

"சுத்தி இருக்க நாடுகளுக்கு ஒண்ணுக்கொண்ணு ஆகாது, புள்ள. அதுதான் அவனுக்குத் தெம்பு. எல்லாம் ஒண்ணா நின்னு, இதைச் செஞ்சா இது கிடைக்காதுன்னு ஒரே சொல்லாச் சொல்லணும். ஒருத்தன் பின்வாசல் வளியா அரிசி குடுத்தாலும் போச்சு. அவன் இறங்கி வாறதுக்கும் ஒரு வளி விட்டு வைக்கணும். சந்துல மாட்டுனவன் கடிச்சிருவான்."

"அப்ப நம்ம தெருவுல அதைச் செய்யலாம்ல?"

"அது உலக விவகாரம். இது தெருச் சண்டை. நமக்கு எதுக்கு?"

ஞானசுந்தரிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கடல் தாண்டி இருக்கிற நாட்டுக்கு யோசனை சொல்கிற மனுஷனுக்குத் தன் மகள் படுத்திருக்கிற கட்டில் கண்ணில் படவில்லை.

ஆனாலும் அவர் சொன்னதை அவள் விடவில்லை. வெள்ளைத்துரை கொள்ளி வைக்கப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். பக்கத்தில் எவனாவது பீடி பற்றவைத்தால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள் அவர். ஆனால் அவர் வைக்கமாட்டார் என்பது மருந்துக்குத் தெரியாதே. ஒரு மூட்டை சரிந்தால் போதும்.

வெள்ளைத்துரைக்கு மதுரையிலிருந்து கடைசி ஆர்டர் வந்திருந்தது. சரவெடி. அதைப் பின்னிக் கொடுப்பவர்கள் இந்தத் தெருப் பெண்கள். பாதிப்பேர் வள்ளித்தாய் சொன்னால் கேட்பார்கள், மீதிப்பேர் செல்லக்கனி சொன்னால். வள்ளித்தாயும் செல்லக்கனியும் நான்கு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒருத்தி வெயிலில் காயவைத்த வற்றலை இன்னொருத்தி ஆடு தின்றுவிட்டதாம்.

ஞானசுந்தரி இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போனாள். மூட்டைகள் ஊருக்கு வெளியே உள்ள வெள்ளைத்துரையின் காட்டு ஷெட்டுக்குப் போகிறவரை ஒரு சரம்கூடப் பின்னுவதில்லை என்று இருவரிடமும் வாக்கு வாங்கினாள். பிறகு வெள்ளைத்துரையிடம் போனாள்.

"பிள்ளை பெறுத வீடு, அண்ணாச்சி. மூட்டையை நீங்களா எடுத்திட்டீகன்னா, உங்க பெரிய மனசுன்னு ஊரெல்லாம் சொல்லுதேன். எடுக்கலைன்னா ஒருத்தியும் பின்ன மாட்டா."

அவர் சிரித்தார். மறுநாளே செல்லக்கனி வீட்டுப் பின்வாசலில் நூல்கண்டும் வெடியும் இறங்கின.

ஞானசுந்தரி போய்ப் பார்த்தபோது செல்லக்கனி பின்னிக்கொண்டிருந்தாள். "வள்ளித்தாய் நேத்தே ஆரம்பிச்சுட்டான்னு அண்ணாச்சி சொன்னாக. நான் மட்டும் எதுக்குச் சும்மா இருக்கணும்?" என்றாள். எதிர்வீட்டுக்கு ஓடினால், அங்கே வள்ளித்தாய் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அவர், செல்லக்கனி ஆரம்பித்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். எதிரெதிர் வாசல். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பொய் பொடிப்பொடியாகப் போயிருக்கும். வற்றலுக்காகக் கேட்கவில்லை!

ஞானசுந்தரி இருவரையும் கையைப் பிடித்து இழுத்துவந்து மகள் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்காரவைத்தாள்.

"பேசுங்க. ஏசணும்னாலும் ஏசுங்க. பேசி முடிக்காம ஒருத்தியும் எந்திரிக்கக் கூடாது."

ஏசினார்கள். வற்றலில் ஆரம்பித்து ஆட்டின் மூன்று தலைமுறைவரை போனார்கள். வேல்விழி சிரித்தும் அழுதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் வெள்ளைத்துரை சொன்ன பொய்யில் வந்து நின்றார்கள். அன்று சாயங்காலமே நூலும் வெடியும் அவர் வாசலுக்குத் திரும்பிப் போயின. இருவரும் சேர்ந்தே சுமந்துகொண்டு போனார்கள்.

வெள்ளைத்துரை இரண்டு நாள் முறைத்துப் பார்த்தார். மதுரையிலிருந்து போன் மேல் போன் வந்தது. மூன்றாம் நாள் வண்டி வந்து ஆறு மூட்டையையும் காட்டு ஷெட்டுக்கு ஏற்றிப் போனது. "நாமளும் பிள்ளைகுட்டிக்காரங்கதானே" என்று வெள்ளைத்துரை தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தார். ஞானசுந்தரி பல்லைக் கடித்துக்கொண்டு, "பெரிய மனசு அண்ணாச்சிக்கு" என்று வீட்டுக்கு வீடு சொன்னாள். கொடுத்த வாக்கு ஆயிற்றே.

ஆண்டிச்சாமி டீக்கடையில் அதைத் தன் யோசனை என்று சொன்னதாகக் கேள்வி. அதற்குக் கோபப்பட அவளுக்கு நேரமில்லை.

மறுநாள் காலையில் மகளுக்கு ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கும்போது வெளியே சத்தம். வள்ளித்தாய் கூட்டிய குப்பை செல்லக்கனி வாசலுக்குப் பறந்துவிட்டதாம். விளக்குமாறும் கையுமாக இருவரும் நடுத்தெருவில் நின்றார்கள். தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வெள்ளைத்துரை பேப்பரைத் தாழ்த்திக்கொண்டு ஆசையாகக் கவனித்தார். காட்டு ஷெட் ஒன்றும் தூரமில்லை. வண்டியைத் திருப்ப அரைமணி நேரம் போதும்.

ஞானசுந்தரி சோற்றுக்கையோடு ஓடி இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"சிரிங்கடி," என்றாள் அடிக்குரலில். "ரெண்டு பேரும் சிரிங்க. அந்தாளு பாத்துக்கிட்டு இருக்கான்."