பனி உருகக் காத்திருந்தவர்

பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் பழைய ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில், கதவையே மூட முடியாத அளவுக்குப் பனி கட்டியிருந்தது. பார்க்க வந்த மெக்கானிக் ஐம்பதைத் தாண்டியவர். நல்ல உயரம், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கதவு ரப்பர் தளர்ந்துவிட்டது, பனி உருகட்டும், மாற்றிவிடுகிறேன் என்றார்.

உள்ளே வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்த பிறகு அவரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். திரும்பும்போதெல்லாம் பனியை விரலால் தள்ளிப் பார்த்தார். அவர் தவிப்பு எனக்கும் தொற்றிக்கொள்ள, பனியைப் பெயர்க்கக் கத்தியை எடுத்தேன்.

"பேடம்மா, வேணாம், குத்தாதீங்க! பைப் ஓட்டையாயி கேஸ் போயிடும்" என்று பதறியவர், கத்தியை வாங்கி மேடையில் வைத்துவிட்டு, "வீட்டுக்காரிக்கு இப்போ ஹார்ட் ஆபரேஷன் நடக்குது" என்றார்.

"அப்போ இங்க ஏன் நிக்கிறீங்க? கிளம்புங்க!"

"அங்க மச்சினிச்சி இருக்கா. தியேட்டர் கதவையே பாத்துட்டு சும்மா உக்கார என்னால ஆகலம்மா. இங்கன்னா இது கொஞ்சமாவது உருகுது."

பனி பெயர்ந்து விழுந்தது. அவர் ரப்பரை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு அதை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே கேட்டுச் சொல்லுங்கம்மா."

மறுமுனையில் ஒரு பெண் அழுதாள். பிறகுதான், "ஆபரேஷன் முடிஞ்சிருச்சு மாமா, அக்கா நல்லாயிருக்கான்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள்.

அதை நான் சொன்னதும் அவர் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. செய்தி வேறாக இருந்திருந்தால் அதை அவரிடம் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.