கன்னியாவில் வாசித்த கடிதம்

எங்கள் ஓமந்தை வீட்டில் எஸ்.எஸ்.சி. வரை படித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் மறைத்ததே இல்லை.

இரண்டு மாரியாக அப்பாவுக்கு முழங்கால் மடக்க முடியவில்லை. வவுனியாவில் டொக்டரிடம் காட்டினோம். அவர் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தந்தார். வீடு திரும்பும் பஸ்சில் அதை மனதுக்குள் வாசித்துவிட்டு மடித்தேன்.

"என்ன பிள்ளை எழுதியிருக்கு?" என்றார் அப்பா.

"அது உங்களுக்கு விளங்காது அப்பா. நான் பாத்துக்கொள்ளுறன்."

சுடுதண்ணீர் நல்லது என்று கடிதத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் துருக்கி நாட்டுச் சிறு நகரம் ஒன்றைப் பற்றிப் படித்திருந்தேன். நிலத்திலிருந்து வெந்நீர் ஊறுமாம். சுற்றிவர இடிந்த பழங்கால மண்டபங்கள். கைகால் பிடித்தவர்கள் அங்கே போய்க் குளித்துச் சுகமடைவார்களாம். துருக்கிக்குப் போக முடியாது, ஆனால் திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றனவே!

"சனிக்கிழமை அப்பாவைக் கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்று அறிவித்தேன். குசினிக்குள் அம்மாவின் அகப்பை நின்றது. அப்பா என்னை நெடுநேரம் பார்த்தார்.

"படிச்ச பிள்ளை. நீ சொன்னால் சரி" என்றார்.

அடுத்த இரண்டு நாளும் அவர் காலை இழுத்து இழுத்து வயலைச் சுற்றிப் பார்த்தார். சிவலை மாட்டை விற்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னார். வேலிச் சண்டையில் ஆறு வருடம் பேசாதிருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் தானே போய்க் கதைத்தார். பயணச் சந்தோசம் என்று நினைத்துக்கொண்டேன்.

திருகோணமலை பஸ்சில் முன் சீற்றிலிருந்த ஒரு மனுசி திரும்பிப் பார்த்தார்.

"எவடத்துக்குத் தங்கச்சி?"

"கன்னியாவுக்கு."

"ஆருக்கு?"

"அப்பாவுக்கு."

"அச்சச்சோ. எப்ப நடந்தது?"

"ரெண்டு மாரிக்கு முந்தித் துவங்கினது."

"துவங்கினதோ?"

"ஓம். இவர்தான் அப்பா."

"ஐயோ, உயிரோட இருக்கிற மனிசனையோ கொண்டு போறாய்!"

பஸ் முழுக்கச் சிரித்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்யத்தான் கன்னியாவுக்குப் போவார்கள். அது எனக்குத் தெரியாததல்ல. புத்தகத்து நகரம் தலைக்குள் இருந்ததால் நினைவு வரவில்லை. நானும் சிரித்தேன். அப்பா மட்டும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கன்னியாவில் ஏழு சிறு கிணறுகள், பக்கத்தில் இடிந்த செங்கல் மேடு, சாய்ந்த கற்றூண்கள். எள்ளும் பூவும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன. அப்பா ஒரு தூண் துண்டில் உட்கார்ந்தார். வாளியை எடுத்த என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஒளிக்காமல் சொல்லு. இன்னும் எத்தினை நாள் இருப்பன் எண்டு டொக்டர் எழுதினவர்?"

வாளியைக் கீழே வைத்தேன். பையிலிருந்த கடிதத்தை எடுத்து, ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரியாக வாசித்தேன்.

"மூட்டு வாதம். வயசோட வாறது. உயிருக்கு ஒண்டுமில்லை. பாரம் தூக்கக் கூடாது. சுடுதண்ணி ஒத்தடம் நல்லது."

"பிறகு?"

"பிறகு கையெழுத்து."

"மற்றப் பக்கம்?"

திருப்பிக் காட்டினேன். வெறும் தாள். அவர் அதை வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்தும் பார்த்தார்.

"இதையோ எனக்கு விளங்காது எண்டனீ?"

கடிதத்தை வாங்கி, பழைய மடிப்பிலேயே மறுபடி மடித்தேன்.

அவர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். தோள் இரண்டும் தாழ்ந்தன. திடீரென்று தொடையில் தட்டினார்.

"அநியாயமா அந்தப் பக்கத்து வீட்டானோடயும் கதைச்சுப் போட்டனே!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்தது. பிறகு கிணறு கிணறாக முழங்காலுக்கு வெந்நீர் வார்த்தேன். ஒன்றில் இளஞ்சூடு, அடுத்ததில் "சுடுது, சுடுது" என்று துள்ளினார்.

"என்ர கால் வருத்தத்துக்கு இங்கிலீசில என்ன பேர்?"

"ஆத்ரைற்றிஸ்."

"ஆத்திரட்டிசு" என்றார். திருத்தினேன். மறுபடியும் ஆத்திரட்டிசுதான். விட்டுவிட்டேன்.

ஏழாவது கிணற்றடியில் ஈர வேட்டியோடு நின்ற ஒருவர், "ஆரின்ர அந்தியேட்டிக் காரியத்துக்கு வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

"ஒருத்தரின்ரயும் இல்லை" என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்தி. "எனக்கு ஆத்திரட்டிசு. உயிருக்கு ஒண்டும் இல்லையாம். பிள்ளை வாசிச்சவள்."