கல்லுபெட்டாவின் புகார் அக்கா

சிக்கபள்ளாபுரம் பக்கம் சைக்கிள் மிதிக்கிறவர்களில் நாகவேணி அக்காவிடம் மாட்டாதவர் யாரும் இல்லை. நானும் மாட்டியிருக்கிறேன். ஒருநாள் களைத்துப்போய் சைக்கிளைக் காரில் ஏற்றினேன். வேகத்தைப் பதிவு செய்கிற கைக்கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டேன். கார் ஓடிய வேகமெல்லாம் என் கால் ஓடிய வேகமாகப் பதிவாகி, நந்தி சாலையில் ஒரு துண்டுக்கு நான் ராஜாவாகிவிட்டேன். தின்ற இட்லி செரிப்பதற்குள் எங்கள் சைக்கிள் செயலியில் என் பெயர் மீது புகார் வந்து நின்றது. போட்டது யார் என்று செயலி சொல்லாது. சொல்லவும் தேவையில்லை. எங்கள் தாலுகாவில் புகார் போடுகிற விரல் ஒன்றுதான்.

எங்கள் பைத்தியம் இதுதான். சாலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் யார் வேகமாகக் கடந்தார்கள் என்று செயலி கணக்கு வைக்கிறது. முதலிடத்துக்கு ஒரு கிரீடப் படம் தருகிறது. பொட்டு அளவுகூட இருக்காது அந்தப் படம். அதற்காக விடியுமுன் எழுந்து, நுரையீரல் வெளியே வரும்வரை மிதிப்போம்.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நாளெல்லாம் ரத்தம் தடவிய கண்ணாடிச் சில்லை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துப் பழகியவர், எங்கள் வேகங்களையும் அப்படியே பார்த்தார். பேருந்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனவர், மோட்டார் வைத்த சைக்கிளைச் சாதாரண சைக்கிள் என்று போட்டவர், யாரையும் விட்டதில்லை. கடைக்குப் போய்ச் சீக்கிரம் திரும்பினால் தன் மீதும் புகார் வந்துவிடும் என்று அவர் கணவர் ருத்ரேஷ் சொல்லிச் சிரிப்பார். அவர் பட்டுக்கூடு சந்தையில் வேலை பார்க்கிறவர், சைக்கிள் பக்கமே வரமாட்டார்.

வண்டி விஷயத்தில் மட்டும் அக்கா தாராளம். மோட்டார் கூடாது, பெரிய வண்டியின் மறைவில் போகக் கூடாது, மற்றபடி இரும்போ கார்பனோ எதில் வேண்டுமானாலும் ஏறலாம். யாராவது விலை உயர்ந்த சைக்கிளைப் பார்த்துப் பொருமினால், “மிதிக்கிறது இரும்பா, கார்பனா? காலுதானே மிதிக்குது” என்று வாயை அடைத்துவிடுவார்.

அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அவருடையது பழைய இரும்புச் சைக்கிள். நாங்கள் அதற்கு எருமை என்று பெயர் வைத்திருந்தோம். அந்த எருமையில் ஏறித்தான் கல்லுபெட்டா குன்றுக்கான பெண்கள் கிரீடத்தை ஆறு வருடம் கையில் வைத்திருந்தார். குன்றின் அடியில் உள்ள வளைவிலிருந்து உச்சியில் பசவண்ணன் கோயில் வரை ஒரே ஏற்றம். ஏறி முடித்தவர் கோயில் மணியை அடிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அடிக்காவிட்டால் செயலி ஒப்புக்கொண்டாலும் நாங்கள் ஒப்புக்கொள்ளமாட்டோம். அடியில் கெம்பண்ணா ஹோட்டலில் தட்டு அகலத்துக்கு வரும் தட்டே இட்லியோடு உட்கார்ந்திருந்தால் மணி காதில் விழும்.

எருமையை யாரும் தொடக்கூடாது. பஞ்சர் ஒட்டுவதும் சக்கரம் மாட்டுவதும் அவரே. போன வருடத்திலிருந்து அது மேட்டில் ‘ஸ்ர்ர் ஸ்ர்ர்’ என்று ஒரு சத்தம் போட ஆரம்பித்தது. எருமை புல் மேய்கிறது என்று நாங்கள் கிண்டல் செய்தோம். அக்காவும் சிரித்தார்.

அந்த வருடம் முழுக்க அக்கா மெல்ல மெல்லப் பின்தங்கினார். நான் ஏறி மணியடித்துவிட்டுத் திரும்பி வரும்போது அவர் பாதி வழியில் இருப்பார். ஒருநாள் திரும்பும் வழியில் தண்ணீர் குடிக்க நின்றபோது என்னிடம் மட்டும் சொன்னார். கால் ஓய்ந்துவிட்டது, யுகாதியோடு நிறுத்திக்கொள்கிறேன், எருமையைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாம், கிரீடம் இருக்கும்போதே மரியாதையாக இறங்கிவிடுகிறேன் என்றார். அப்படியெல்லாம் இல்லை அக்கா என்று ஒப்புக்குச் சொல்லிவைத்தேன்.

யுகாதி வரைகூடக் கிரீடம் நிற்கவில்லை. எலஹங்காவில் கணினி வேலை பார்க்கும் சிஞ்சனா என்ற பெண் ஒரு சனிக்கிழமை வந்து, கார்பன் சைக்கிளில் ஏறி, மணியடித்து, அதைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள். காரில் வரவில்லை. வீட்டிலிருந்தே மிதித்து வந்தவள். குறை சொல்ல ஒரு நூலிழை கிடைக்கவில்லை.

இரண்டே நாளில் அவள் பெயர் பட்டியலிலிருந்து காணாமல்போனது. புகார். மோட்டார் சந்தேகம்.

அடுத்த ஞாயிறு அவளே கெம்பண்ணா ஹோட்டலுக்கு வந்து எங்கள் மேசைக்கு முன்னால் நின்றாள். மெலிந்த பெண், கன்னத்தில் வியர்வை உப்பு காய்ந்திருந்தது. தன் பதிவின் மீது யாரோ புகார் போட்டிருக்கிறார்கள், யாருக்காவது தெரியுமா என்று மரியாதையாகக் கேட்டாள். நாங்கள் எல்லோரும் காபி டம்ளருக்குள் பார்த்தோம்.

“யாரோ இல்ல, நான்தான்” என்றார் அக்கா.

“என் வண்டில மோட்டார் இருக்குன்னு நினைச்சீங்களா அக்கா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன்?”

அக்கா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை. “உன் வண்டி என் வண்டில பாதி எடை. அது உன் ரெக்கார்டு இல்ல, உன் வண்டியோட ரெக்கார்டு. அப்படிப் புகார் போட செயலில கட்டம் இல்ல. மோட்டார்னு இருந்த கட்டத்தைத் தொட்டுட்டேன்.”

எங்கள் கூட்டத்தில் தயானந்தா என்று ஒருவர் உண்டு. நல்லவர், ஆனால் வாய் சும்மா இருக்காது. “மிதிக்கிறது காலுதானேன்னு இத்தனை வருஷம் சொன்னது யாரு அக்கா?” என்று கேட்டுவிட்டார். அக்காவின் முகம் சிவந்து சுருங்கிப்போனது. எனக்கு அக்காவைப் பார்க்கவே பாவமாக இருந்தது. எல்லோரையும் நியாயத்துக்கு இழுத்தவர் தானே கூண்டில் நின்றார்.

சிஞ்சனா கோபப்படவில்லை. “சரிக்கா, உங்க வண்டிய குடுங்க. நான் அதுல ஏறிக் காட்டறேன். நீங்க என்னோடதுல ஏறுங்க. அப்ப தெரிஞ்சிடும்” என்றாள்.

எருமையை அக்கா கணவருக்கே கொடுத்ததில்லை. ஆனால் மறுக்க முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டார். எழுந்துபோய், தன் கையாலேயே சீட்டை அந்தப் பெண்ணின் உயரத்துக்கு ஏற்றிக் கொடுத்தார்.

அவள் போனாள். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டாவது இட்லி வந்தது, மணி வரவில்லை. இரண்டாவது காபி வந்தது, மணி வரவில்லை. அக்காவின் முகத்தில் மெல்ல வெளிச்சம் ஏறியது. அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. “பார்த்தியா, வண்டிதான்” என்று என்னிடம் கிசுகிசுத்தார். கடைசியில் மணி கேட்டது, அடித்த கை சோர்ந்திருப்பது அதிலேயே தெரிந்தது.

இறங்கி வந்த சிஞ்சனா ஒரு சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தாள். பிறகு எருமையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பின்சக்கரத்தை ஒரு தட்டு தட்டினாள். சக்கரம் ‘ஸ்ர்ர்’ என்று இழுத்துக்கொண்டே போய் ஒரு சுற்றுக்குள் நின்றுவிட்டது. முன்சக்கரத்தைத் தட்டினாள். அது நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

“அக்கா, பின்சக்கரம் கோணலா மாட்டியிருக்கு. பிரேக் கட்டை ரிம்மைப் பிடிச்சுக்கிட்டே இருக்கு. இதோடவா ஏறிட்டிருக்கீங்க?”

போன வருடம் முத்தேனஹள்ளியில் மழையில் பஞ்சர் ஆகி, அவசரமாகச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியது அக்காவுக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். ஒரு வருடமாகப் பிரேக்கைப் பிடித்தபடி மலை ஏறியிருக்கிறார். அதைத்தான் நாங்கள் புல் மேய்கிறது என்று சிரித்தோம். இத்தனை பேர் சைக்கிளே உயிர் என்று திரிகிறோம், ஒருவனாவது குனிந்து பார்த்தோமா?

தயானந்தா சிரிக்கத் தொடங்கினார். அக்காவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அக்கா இரண்டாவது முறையாகச் சக்கரத்தைத் தட்டி, அது நிற்பதைப் பார்த்தார்.

“எனக்கு வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்” என்றார். “கால் போயிடுச்சு, எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.” முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பட்டாவால் துடைத்தார்.

சிஞ்சனா தன் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். அந்தக் குன்றில் அவளுக்கு இருந்த ஒரே போட்டி அக்காதான். அப்படியே விட்டிருந்தால் யுகாதியோடு அந்தப் போட்டியும் ஒழிந்திருக்கும். அவள் அதையெல்லாம் நினைத்த மாதிரியே தெரியவில்லை. “கொஞ்சம் பின்னால பிடிச்சுக்கோங்கக்கா” என்று சொல்லி, சக்கரத்தைத் தளர்த்தி நேராக்கி, பிரேக்கை நடுவில் வைத்து இறுக்கினாள். எருமையைத் தொட்ட முதல் அந்நியக் கை அவளுடையதுதான்.

முன்பு பேசிக்கொண்டபடி அக்கா கார்பன் சைக்கிளில் ஏற வேண்டும். அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. எருமையைத் தள்ளிக்கொண்டு வளைவுக்குப் போனார்.

எனக்கு இன்னொரு காபி வந்தது. டம்ளர் ஆறுவதற்குள் மணி அடித்தது. ஒரு தடவை இல்லை, விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. பூசாரி வெளியே வந்து திட்டியிருப்பார்.

அக்கா இறங்கி வந்து கைக்கடிகாரத்தை நீட்டினார். ஆறு வருடத்துக்கு முன்னால் ஏறியதைவிட வேகமாக ஏறியிருந்தார். ஆனால் அந்தச் சனிக்கிழமை சிஞ்சனா எடுத்த நேரத்துக்கு நான்கு நொடி பின்னால். “இப்ப என்னோடதுல ஒரு தடவை ஏறுங்கக்கா. நாலு நொடிதானே, நிச்சயம் உங்களுக்குத்தான்” என்றாள் அந்தப் பெண், முழு மனதோடு.

“வேண்டாம் மகளே. உனக்கு நல்ல காலு. அதை அன்னிக்கே சொல்லியிருக்கணும்” என்றார் அக்கா. பிறகு போனை எடுத்து, எங்கள் எல்லோர் எதிரிலும், புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த விரல் புகாரைத் திரும்ப வாங்கி நாங்கள் பார்த்ததே இல்லை.

யுகாதி வந்து போனது. எருமை பழைய இரும்புக்குப் போகவில்லை. ஞாயிறுதோறும் சிஞ்சனா வருகிறாள். வளைவில் அவள் கிளம்பத் தயாராகும்போது அக்கா ஒரு கையால் அவளை நிறுத்துவார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குந்தி, அவள் சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைத் தட்டிவிடுவார். அது உரசாமல் சுற்றுவதைக் காது கொடுத்துக் கேட்பார்.

“ம், போ” என்பார் அதன் பிறகுதான்.