கதவைச் சாத்தும் கோடு

செஞ்சி கடைத்தெருவில் போர்டு எழுதிக்கொண்டிருந்த எனக்கு, எழுத்து விஷயத்தில் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். எந்த எழுத்தையும் கை எடுக்காமல் ஒரே இழுப்பில் முடிப்பேன். அந்தத் தலைக்கனத்தை என் மனைவி ஒரே ஒரு சீன எழுத்தை வைத்து இறக்கினாள்.

அவள் ரங்கூனில் பிறந்தவள். அவலூர்பேட்டையிலிருந்து பிழைக்கப் போன அவள் அப்பா, அங்கே ஒரு சீன மருந்துக்கடைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தார். மருந்துக்கடைக்காரர் மகளும் இவளும் ஒட்டிப் பிறந்தவர்கள்போல வளர்ந்தார்கள். சீன எழுத்து அப்படித்தான் இவள் கைக்கு வந்தது. அறுபத்து நான்கில் பர்மா அரசாங்கம் கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டபோது, அங்கிருந்த தமிழர்கள் எல்லாரையும்போல இவர்களும் கடையை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். புறப்படும்போது அந்தத் தோழி, விலாசம் எழுதிய உறை ஒன்றைக் கொடுத்து, ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு எழுத்து எழுதி அனுப்பினால் போதும் என்றாளாம். 'திரும்பியாயிற்று' என்று பொருள்படும் எழுத்து அது.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறாம் மாதம், கஞ்சி வடிக்கும்போது வலது கையில் கொட்டிக்கொண்டாள். கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தவள், டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த உறையை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள். எனக்கு மனம் கேட்கவில்லை.

"இன்னா பெரிய எழுத்து, சொல்லு, நான் எழுதித் தரேன்" என்றேன்.

பெரிய பெட்டிக்குள் ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான் என்றாள். நான் பிரஷ்ஷை எடுத்து வெளிப்பெட்டியை ஒரே இழுப்பில் சுற்றி முடித்தேன். உள்ளே சின்னதையும் போட்டு நீட்டினேன்.

"இது பெட்டி. எழுத்து இல்ல" என்றாள். "கதவ சாத்திட்டு அப்புறமா உள்ள போவ பாக்குறீங்க."

முதலில் இடப்பக்கச் சுவர். பிறகு கூரையும் வலப்பக்கச் சுவரும் சேர்ந்து ஒரே கோடு. சின்னப் பெட்டி மூன்று கோடாக உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் அடிக்கோடு. அந்த அடிக்கோடுதான் கதவாம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "முடிஞ்சப்புறம் எது முன்ன, எது பின்னன்னு யாருக்குத் தெரியும்?"

"அவளுக்குத் தெரியும். எனக்கே தெரியுமே. வாழைக்காய் மண்டி போர்டுல அந்த 'ழ'வுக்கு வால முதல்ல போட்டுட்டு, அப்புறந்தான் மேல ஏறியிருக்கீங்க."

உண்மைதான். அந்தப் போர்டு எழுதிய அன்று ஏணி எட்டவில்லை. கீழ்ப்பாதியை எழுதிவிட்டு, பக்கத்துக் கடையில் ஸ்டூல் வாங்கி வந்துதான் மேல்பாதியை எழுதினேன். கடைத்தெருவில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. பெயிண்ட் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று பார்த்தே இவள் சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவள்மேல் வந்த மரியாதை இன்றுவரை இறங்கவில்லை.

பத்து நாள் பழகினேன். கொல்லைப் பாறையில் தண்ணீரைத் தொட்டு எழுதச் சொல்வாள். வெயிலில், கடைசிக் கோட்டுக்கு வருவதற்குள் முதல் கோடு காய்ந்துவிடும். என் கை பழக்கதோஷத்தில் மூடப் பார்க்கும். "கதவு" என்பாள். நிறுத்துவேன்.

ஒருவழியாகக் கை படிந்ததும் நல்ல காகிதத்தை விரித்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கை சுட்டது பத்து நாளுக்கு முன்னால். கப்பல் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"இத்தினி நாளா ஏன் எழுதல?" என்றேன்.

"நைனா திரும்பி வந்தாரு. நான் எங்க திரும்புனேன்? அங்கதான பொறந்தேன். பொய் எழுத மனசு வரல."

ஐந்து கோடுகளை முறைப்படி போட்டேன். அடிப்பக்கம் திறந்திருக்க, பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

"நீ எப்ப சாத்தணுமோ அப்ப சாத்து. அதுவரைக்கும் தொறந்தே கிடக்கட்டும்" என்றேன்.

காகிதம் அலமாரியில் கிடந்தது. கை ஆறிய பிறகும் அவள் புதிதாக எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. மறு வருஷம் ஒரு நாள், பனமலையில் ஒரு கடைக்குப் போர்டு எழுதிவிட்டு வந்து பார்த்தால் அலமாரியில் அது இல்லை.

"போஸ்ட் பண்ணிட்டேன்" என்றாள், தட்டை வைத்துக்கொண்டே.

"சாத்திட்டியா?"

"உள்ள வந்துட்டேன். அதான் சாத்திட்டேன்."