ஆறுதலா நடக்கட்டும்

அக்காவின் கலியாணச் சாறிச் சட்டையை அம்மா அக்காவின் அளவுக்குத் தைக்கக் கொடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து அக்கா எந்த அளவில் இருக்கவேண்டும் என்று முடிவு செய்திருந்தாரோ அந்த அளவுக்குக் கொடுத்தார். வெள்ளவத்தையில் எங்களுக்கு வழக்கமாகத் தைக்கும் தையல்காரர் அம்மா சொன்ன அளவைக் கேட்டார், அக்காவை ஒருதரம் பார்த்தார், பிறகு அம்மா சொன்னதையே எழுதிக்கொண்டார். எனக்கு அப்போது பத்து வயது. எனக்குச் சப்பாத்து வாங்கும்போது ஓர் அளவு கூட்டி வாங்குவார்கள், அக்காவுக்குக் குறைத்துத் தைக்கிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை லண்டன். படத்தைப் பார்த்த அவருடைய தாயார் தொலைபேசியில், பிள்ளை வடிவு, கொஞ்சம் மெலிந்தால் இன்னும் வடிவு என்று சொன்னார். அந்தக் கொஞ்சம் எங்கள் வீட்டில் மூன்று நாள் பேசப்பட்டுப் பத்துக் கிலோ ஆனது. அக்காவிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவள் வேலைக்குப் போய்க்கொண்டே படித்துவந்தாள். படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. அதைப் பற்றியும் ஒருவரும் கேட்கவில்லை.

அக்காவை மெலிய வைக்கும் பொறுப்புச் சித்தியிடம் வந்தது. சித்தி அம்மாவின் ஒரே தங்கை. கலியாணம் செய்த இரண்டு வருடத்தில் புருஷனை விட்டு வந்து, கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். பெண்களுக்கு அவரவர் வீட்டுக்கே போய் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் டிரெய்னர் வேலை. அப்பா அவரை டிரில் மிஸ் என்பார். சித்தி தனியாக இருப்பதையும் அந்த வேலையையும் பற்றி வீட்டில் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார்கள். ஆனால் அவசரத்துக்கு உதவுகிறவர்களிடம் யார் குறை பார்க்கப் போகிறார்கள்?

செவ்வாய், வியாழன், சனி காலைகளில் இரண்டு பஸ் மாறி வந்து, எங்கள் மூன்றாம் மாடிக்குச் சித்தி படியேறி வருவார். லிப்ட் வேலை செய்யும் நாட்களிலும் படிதான். முதல் நாள் அவர், உடம்பால் எதைச் செய்ய முடியவேண்டும் என்று அறிய, அக்காவிடம், "உமக்கு என்ன செய்ய ஏலுமா இருக்கோணும்?" என்று கேட்டார். அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "பத்துக் கிலோ" என்றார். சித்தி, "நான் அவவைத்தான் கேட்டனான்" என்று சொல்லிவிட்டு, என்னையும் உள்ளே விட்டு அறைக் கதவைச் சாத்தினார்.

உள்ளே நடந்ததைப் பார்த்து நான் ஏமாந்துபோனேன். ஓட்டமில்லை, குதிப்பில்லை, பாட்டில்லை. சாப்பாட்டு மேசைக் கதிரையில் அக்கா இருந்து இருந்து எழும்புவாள். ஐந்து கிலோ அரிசிப் பைகள் இரண்டைக் கையில் தூக்கிக்கொண்டு அறைக்குள் நடப்பாள். பிறகு தரையில் படுத்துக் கையூன்றாமல் எழும்பப் பார்ப்பாள், எழும்பமுடியாமல் சிரிப்பாள். எண்ணுவது என் வேலை. பன்னிரண்டு தரம் செய்ய முடிந்தால் பத்தோடு சித்தி நிறுத்திவிடுவார். இன்னும் இரண்டு செய்யலாம் என்ற எண்ணத்தோடு முடித்தால்தான் நாளைக்கும் செய்ய மனம் வரும் என்பது அவருடைய கணக்கு. எழுபது வயதிலும் செய்யக்கூடியதைத்தான் இப்போது பழக வேண்டும், சோற்றை விடக்கூடாது, நித்திரையைக் குறைக்கக்கூடாது என்பார். தெஹிவளையில் அவரிடம் பழகிய ஒரு முஸ்லிம் அன்ரி, முழங்கால் வருத்தத்தோடு கிடந்தவர், இப்போது சந்தைப் பையோடு தானே மாடி ஏறுகிறாராம். அதைச் சொல்லும்போது மட்டும் சித்தியின் குரலில் கொஞ்சம் பெருமை கேட்கும்.

அம்மாவின் கணக்கு வேறு. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலி வீதியில் மருந்துக்கடை வாசலில் இருக்கும் மெஷினில் அக்காவை ஏற்றி நிறை பார்ப்பார். ஐந்தாம் வாரம் அக்கா அரைக் கிலோ கூடியிருந்தாள். தசை கூடினால் நிறை கூடும் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். "தசையைச் சாறிக்குள்ள ஒளிக்கேலுமோ?" என்றார் அம்மா. கடைக்காரப் பெடியன் சிரித்தான். அக்கா வீடு வரும்வரை எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

அடுத்த வியாழன் சித்தி என்னை எண்ண விடவில்லை. "வெளியில போய் விளையாடும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். எனக்குக் கோபம் வந்தது. ஐந்து வாரம் பிழையில்லாமல் எண்ணியவள் நான். கதவில் காதை வைத்தேன். அக்கா மெல்லிய குரலில் நெடுநேரம் கதைத்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு சித்தியின் குரல் தெளிவாகக் கேட்டது. "ஆறுதலா நடக்கட்டும். இப்ப என்ன அவசரம்? நான் அக்காவோட கதைக்கிறன்."

ஆறுதலா என்றால் எங்கள் பேச்சில் மெதுவாக, அவதிப்படாமல் என்று பொருள். சித்தி நாளுக்கு இருபது தரம் சொல்லும் சொல் அது. ஆறுதலா இரும், ஆறுதலா எழும்பும் என்றுதான் பயிற்சியே நடக்கும். இதுவும் பயிற்சிக் கதைதான் என்று நினைத்தேன்.

மறுநாள் பின்னேரம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உள்ளே இரண்டுபேரும் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். அம்மா என்னிடம் இவ்வளவு அக்கறையாக எதையும் கேட்டதில்லை. சித்தி என்னை வெளியே அனுப்பிய கோபமும் இருந்தது. "ஆறுதலா நடக்கட்டும், என்ன அவசரம் எண்டு சித்தி சொன்னவ" என்றேன். அதற்குப் பிறகு சித்தி சொன்னதை விட்டுவிட்டேன். அக்காவோடு கதைக்கிறேன் என்பதில் சொல்ல என்ன இருக்கிறது, ஐந்து வாரமாகக் கதைத்துக்கொண்டுதானே இருக்கிறார்?

அம்மாவின் முகம் மாறியது. "கலியாணத்தையோ?" என்றார். இல்லை, எக்ஸர்சைஸை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அம்மாவின் கை என் தலையில் இருந்தது. நான் பேசாமல் இருந்துவிட்டேன். அன்று எனக்கு ஐஸ்கிரீம் கிடைத்தது. நன்றாகவே சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை சித்தி செருப்பைக் கழற்றும்போதே அம்மா கேட்டார். "ஆறுதலா நடக்கட்டும் எண்டு சொன்னனீயோ, இல்லையோ?"

சித்தி அறை வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஓம், சொன்னனான். அக்கா, நான் இண்டைக்கு..." என்று தொடங்கினார். அம்மா முடிக்க விடவில்லை. "வாழத் தெரியாமல் வந்தனீ. என்ர முதுகுக்குப் பின்னால என்ர பிள்ளையையும் கெடுக்கிறாய் என்ன?" என்றார்.

சித்தி செருப்பை மாட்டிக்கொண்டு படியால் இறங்கிப் போனார். அக்கா வாசலிலேயே நின்றாள். அவள் அழவில்லை, ஆகவே அவளுக்குப் பெரிய கவலை இல்லை என்று நினைத்தேன்.

மிச்ச வாரங்களுக்கு ஒரு ஜிம்மில் தொண்ணூறு நாள் பக்கேஜ் ஒன்றை எடுத்து, நாள் குறைவாக இருப்பதால் அதை இன்னும் இறுக்கிக் கொடுக்கச் சொன்னார் அம்மா. அக்கா காலையில் தண்ணீரில் கரைத்த மாவும் இரவில் அவித்த மரக்கறியும் சாப்பிட்டாள். ஒருநாள் பஸ் தரிப்பில் மயங்கி விழுந்தாள், வெயில் என்றார்கள். தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சவுரி வைத்துக் கட்டினார்கள். பதினொரு கிலோ குறைந்தாள், ஒரு கிலோ மேலதிகம். சட்டை அளவாக இருந்தது. கலியாணத்துக்குச் சித்தி வரவில்லை, அழைக்கவும் இல்லை.

படிப்பை அக்கா லண்டன் போய் முடிப்பாள் என்றார்கள். முடிக்கவில்லை. இப்போது ஒரு முதியோர் இல்லத்தில், நடக்க முடியாதவர்களைத் தூக்கி இருத்தும் வேலை. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு போகிறாள். மெலிந்ததெல்லாம் இரண்டு வருடத்தில் திரும்பி வந்தது. கலியாணப் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கும் அத்தான், வருகிறவர்களுக்கு அதைக் காட்டி, இப்படித்தான் இருந்தவ என்று சொல்லிச் சிரிப்பாராம்.

போன வருடம் அக்கா கொழும்புக்கு வந்தபோது, இத்தனை காலமாக உறுத்திக்கொண்டிருந்ததை அவளிடம் சொன்னேன். சித்தி பயிற்சியைப் பற்றிச் சொன்னதை அம்மா கலியாணம் என்று பிழையாக எடுத்தார், நான் திருத்தவில்லை, என்னால்தான் சித்தி வராமல் போனார் என்றேன்.

அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அம்மா பிழையா எடுக்கேல்லை. சித்தி கலியாணத்தைத்தான் சொன்னவ. படிப்பு முடியிற மட்டும் ஒரு வருசம் தள்ளிவைக்கக் கேக்கச் சொல்லி நான்தான் அழுதனான். சனிக்கிழமை அம்மாவோட கதைக்கிறன் எண்டு சொன்னவ" என்றாள்.

பத்து வயதில் எனக்கு அக்கா என்றால் ஒருத்திதான். சித்திக்கும் ஓர் அக்கா உண்டு, அது எங்கள் அம்மா என்று தெரியாத பிள்ளையல்ல நான். ஆனாலும் கதவுக்குப் பின்னால் அந்தச் சொல்லைக் கேட்டபோது அது உறைக்கவில்லை. நான் விட்ட பாதியைச் சொல்லியிருந்தால் அம்மா சம்மதித்திருப்பார் என்று இப்போதும் நான் நம்பவில்லை. ஆனால் அக்காவுக்காக ஒருவர் எங்கள் வீட்டில் வாய்திறக்க வந்த ஒரே நாள் அந்தச் சனிக்கிழமை. நான் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டேன்.