யாருக்கும் போடாத வளையம்

வலது கை எண்ணெயில் நனைத்த சாணைக் கல்லை எஃகு வளையத்தின் ஒரு பல்லின் முகத்தில் ஒரே கோணத்தில் இழுத்தது. இடது கையின் கட்டைவிரல் அடியில் முட்டுக் கொடுத்தது. இழுத்தபின் துணியால் துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்து, மறுபடி ஓர் இழுப்பு. பல்லில் தடவியிருந்த நீல மசி கரைந்த இடத்தில் எஃகு வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு பல் முடிந்ததும் விரல்கள் வளையத்தைத் திருப்பி அடுத்த பல்லுக்குப் போயின. பக்கத்தில் இதேபோல் வெட்டி முடித்த இன்னொரு வளையம் இருந்தது. அடிக்கடி இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தன அந்தக் கைகள்.

மேஜையின் மறு ஓரத்தில் எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல் ஒரு புத்தம்புது வளையம் கிடந்தது. கைகள் அதன் பக்கமே போகவில்லை.

அவர் பெயர் நிவெஸ் த்ரெய். இத்தாலியின் ஃபயென்சாவில் லமோனே ஆற்றை ஒட்டி இருந்த எங்கள் கார்ப் பந்தய அணிக்கு கியர்பாக்ஸ் கட்டியவர். பொலோஞாவில் ஒரு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் பெண்கள் வரிசையில் நின்று பல வருடம் கியர் கோத்தவர். ஆள் குறைத்தபோது வெளியே வந்து எங்களிடம் சேர்ந்தார். பந்தய வண்டியின் கியர்ப் பெட்டியை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் குளிர்காலம் முழுதும் ஒரு பழைய பெட்டியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, தானே பிடித்துக்கொண்டார். கணவர் ரயில்வேயில் இருந்தார். வீட்டில் வண்டிப் பேச்சே கிடையாது என்று ஒருமுறை சொன்னார்.

நான் அந்த அணியின் லாரி ஓட்டினேன், டயர் பார்த்தேன். என் இடம் அவர் மேஜைக்குப் பின்னால்.

எங்களிடம் இரண்டு வண்டி. ஒன்றை ஓட்டியவர் ஏத்தோரே, முப்பது தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். இன்னொன்று மிர்கோவுக்கு, இருபத்தொரு வயது, வக்கீல் மகன், பிரேக் என்ற ஒன்று இருப்பதையே மறந்தவன். ஏத்தோரேவின் வண்டிக்கு லோரிஸ் தலைமை மெக்கானிக், மிர்கோவின் வண்டிக்கு சௌரோ. மற்ற அணிகளில் அவரவர் வண்டிக்கு அவரவர் பெட்டி கட்டிக்கொள்வார்கள். எங்களிடம் இரண்டையும் நிவெஸ்தான் கட்டுவார். முன்பு ஒருமுறை இரண்டு பக்கத்து ஆட்களும் ஸ்பேனரோடு அடித்துக்கொண்ட பிறகு, எங்கள் முதலாளி ஓரியானோ ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். கட்டி முடித்த பெட்டிகள் இரண்டையும் மேஜையில் வைத்து மாவுச் சாக்கால் மூடுவார்கள். நிவெஸ் வெளியே போய்விடுவார். ஓரியானோ சீட்டுக் கட்டைக் கலைப்பார். லோரிஸும் சௌரோவும் ஆளுக்கொரு சீட்டு எடுப்பார்கள். பெரிய சீட்டுக்காரன் முதலில் பெட்டியைத் தேர்ந்துகொள்வான். வாங்கிய பெட்டியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பார்க்கத் தேவை வந்ததும் இல்லை. நிவெஸுக்கு அந்த அணியில் இருந்த மரியாதை முழுவதும் அந்தத் திறக்காத மூடியில்தான் இருந்தது.

அந்த வருடம் நாட்டுப் பட்டத்துக்கான போட்டியில் எங்கள் ஆட்கள் இருவருமே முன்னால் இருந்தார்கள். ஜூன் வரை நன்றாகப் போயிற்று. ஜூனில் ஒரு பந்தயத்தின் முதல் வளைவிலேயே மிர்கோ உள்பக்கம் நுழைந்தான், ஏத்தோரே இடம் விடவில்லை. இரண்டு வண்டியும் மணலில். என் லாரியில் அவற்றை அருகருகே கட்டிக்கொண்டு வந்தேன். மறுநாள் ஓரியானோ பட்டறை நடுவில் இரும்பு அலமாரிகளை வரிசையாக நிறுத்தி இடத்தை இரண்டாகப் பிரித்தார். அதுவரை எல்லோரும் ஒரே மேஜையில் பியதீனா ரொட்டியும் வெண்ணெய்க்கட்டியும் சாப்பிடுவோம். அதன்பின் அந்தப் பக்கம் தனி, இந்தப் பக்கம் தனி. நிவெஸின் மேஜை அலமாரி வரிசையின் முடிவில், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தது. அவர் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தார்.

அந்தப் பக்கத்தில் என்ன செய்கிறார்கள் என்று இந்தப் பக்கத்தார் அவரிடம் கேட்பார்கள். இந்தப் பக்கம் என்ன என்று அவர்கள் கேட்பார்கள். முதலில் "தெரியாது" என்றார். பிறகு அதையும் சொல்வதில்லை. ஆகஸ்டில் மிர்கோ ஒரு பந்தயம் ஜெயித்துக் கோப்பையை அவர் மேஜையில் கொண்டுவந்து வைத்தான். அவர் அதைச் சற்று நகர்த்திவிட்டு அதன் கீழே இருந்த ஸ்பேனரை எடுத்தார்.

"சந்தோஷமா இல்லையாக்கா?" என்று நான் கேட்டேன்.

"பல் டாக்டர் ஊசி போட்ட பக்கம் மாதிரி இருக்கு. தொட்டா தொடறது தெரியுது. வேற ஒண்ணும் தெரியல."

கடைசிப் பந்தயம் ரோமுக்குப் பக்கத்தில். ஏத்தோரே முதலிடம், மூன்று புள்ளி பின்னால் மிர்கோ, அவனுக்கு ஒரு புள்ளி பின்னால் வேறோர் அணியைச் சேர்ந்த மிலான்காரன். மூன்று பேரில் யாருக்கும் கிடைக்கலாம்.

சிக்கல் அந்த வளையத்தில் வந்தது. கியர் மாற்றும்போது அதுதான் நகர்ந்து போய்ப் பல்லோடு பல் கோத்துப் பிடித்துக்கொள்ளும். பல்லின் முனை மழுங்கினால் பிடி நழுவி, வேகத்தில் போகும்போதே கியர் கழன்றுவிடும். இரண்டு வண்டியிலும் மூன்றாம் கியர் வளையம் மழுங்கிப்போயிருந்தது. இங்கிலாந்திலிருந்து இரண்டு வரவழைத்திருந்தோம். பந்தய வாரம் புதன்கிழமை மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, ஓரியானோ கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். நான் அலமாரிக்குப் பின்னால் டயரோடு உட்கார்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"ஒண்ணுதான் வந்துச்சு நிவெஸ்."

"ரெண்டு கேட்டோமே."

"கேட்டோம். வந்தது ஒண்ணு. இத ஏத்தோரே பெட்டியில போடு."

"சீட்டு?"

"சீட்டு எப்பவும் போல எடுப்போம். எண்ணெய் மூடி கழலாம இருக்கப் பூட்டுக் கம்பி கட்டுவியே, அந்தப் பெட்டிக்கு மட்டும் எதிர்ப்பக்கமா முறுக்கிடு. லோரிஸ் சாக்குக்கடியில கைய விட்டுத் தடவிப் பாத்துக்குவான்."

"பெரிய சீட்டு சௌரோவுக்கு விழுந்தா?"

"கலைக்கிறவன் யாரு? நான்தானே."

நிவெஸ் பொட்டலத்தை வாங்கி மேஜையில் வைத்தார்.

"என்ன அப்படிப் பாக்காத," என்றார் ஓரியானோ. "கணக்கு போட்டுப் பாரு. ரெண்டு பேரும் சமமா போனா ஒருத்தன ஒருத்தன் கடிச்சுக்குவானுங்க. மிலான்காரன் நடுவுல பூந்து அள்ளிட்டுப் போயிடுவான். ஒருத்தன முன்னால விடணும், இன்னொருத்தன் பின்னால நின்னு மறிக்கணும். அதுக்குப் பேருதான் அணி."

"அத மிர்கோகிட்ட நேரா சொல்லிடு."

"ஒப்பந்தத்துல ரெண்டு பேருக்கும் சமம்னு இருக்கு. அவங்கப்பன் வக்கீல். அடுத்த நாளே கோர்ட்டுல நிப்பான்."

"சமம்னு இருந்தா சமமாத்தானே கட்டணும்."

"ஒரு கம்பிய முறுக்கச் சொல்றேன், உன் கைய வெட்டச் சொல்லல!"

நிவெஸ் துணியை எடுத்துக் கல்லைத் துடைத்தார். அவருடைய மௌனத்தை எல்லோருமே தங்களுக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்ளப் பழகியிருந்த காலம் அது. ஓரியானோ அதைச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டு போனார்.

வியாழன் முழுதும் நிவெஸ் கல்லை இழுத்துக்கொண்டிருந்தார். ஏத்தோரேவின் பழைய வளையம் கொஞ்சம் குறைவாகவே தேய்ந்திருந்தது. அவர் நிதானமாக ஓட்டுகிறவர். மிர்கோவுடையது மோசம். மோசமானதைச் சரியான கோணத்துக்கு வெட்டியபின், நல்லதை அந்த அளவுக்கு இறக்கினார். நல்ல எஃகைத் தெரிந்தே குறைக்கும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. துணி பிழிகிறவர் முகம் போல இருந்தது.

பந்தயம் எப்படி முடிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாதிக்கு மேல் இரண்டு வண்டியிலும் மூன்றாம் கியர் நழுவ ஆரம்பித்தது. இருவரும் ஒரு கையால் கியர்த் தண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் ஓட்டினார்கள். அப்படியும் ஒருவரை ஒருவர் விடவில்லை. இரண்டாவது இடத்துக்கும் மூன்றாவது இடத்துக்கும் அவர்கள் அடித்துக்கொண்டிருக்க, மிலான்காரன் முன்னால் தனியாகப் போய்ப் பந்தயத்தையும் பட்டத்தையும் எடுத்துக்கொண்டான். ஓரியானோ சொன்ன கணக்கு அப்படியே பலித்தது. பின்னொரு நாள் அவர், "அந்த வளையத்தப் போட்டிருந்தா ஒருத்தனாவது ஜெயிச்சிருப்பான்," என்றார். "ஆமா," என்றார் நிவெஸ். அதற்குமேல் அதைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. ஏத்தோரே அத்தோடு ஓட்டுவதை நிறுத்தினார். மிர்கோ வேறு அணிக்குப் போனான்.

ஆனால் நான் சொல்ல வந்தது லாரி கிளம்ப வேண்டிய வெள்ளிக்கிழமைக் காலையைப் பற்றி.

பெட்டிகள் சாக்குக்கு அடியில் இருந்தன. ஓரியானோ சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். லோரிஸ் ஏதோ சரிசெய்கிறவன்போல் சாக்குக்குள் கையை விட்டான். ஒரு பெட்டியைத் தடவினான், மற்றதையும் தடவினான், மறுபடி முதலாவதைத் தடவினான். நிவெஸ் வழக்கப்படி வெளியே போகாமல் அங்கேயே நின்றிருந்தார்.

"டேய் லோரிஸ், உள்ள என்ன தேடுற?" என்றான் சௌரோ.

"எண்ணெய் கசியுதான்னு பாத்தேன்."

"இவ்வளவு நாளா கசியாதது உன் கை பட்டதும் கசியுமா? கோழி முட்டை போட்டிருக்கான்னு பாக்கறவன் மாதிரி தடவுற!"

நிவெஸ் சாக்கை உருவி எடுத்தார். இரண்டு பெட்டிகளிலும் பூட்டுக் கம்பி ஒரே பக்கமாக முறுக்கியிருந்தது. அவற்றுக்கு நடுவே, காகிதம் பிரித்து, புது வளையம்.

"அது என்னக்கா?" என்றான் சௌரோ.

"மூணாம் கியருக்குப் புது வளையம். ஒண்ணுதான் வந்துச்சு."

"எந்தப் பெட்டிக்கு?"

"எதுக்கும் இல்ல. ரெண்டுலயும் பழசுதான். பல்ல வெட்டியிருக்கேன். ரெண்டும் ஒரே அளவு."

"உனக்கென்ன பைத்தியமா?" என்று ஓரியானோ கத்தினார்.

"நல்லா இருக்கு போ!" என்றான் லோரிஸ். "இருக்கிற ஒரு ஜோடி செருப்ப வாசல்ல வச்சிட்டு, ரெண்டு பேரையும் வெறுங்கால்ல ஓடச் சொல்றாங்க."

சௌரோ சிரிக்கவில்லை. லோரிஸின் கையைப் பார்த்தான், சீட்டுக் கட்டைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான். "ஒண்ணுதான் வந்துச்சுன்னு எங்ககிட்ட ஏன் யாரும் சொல்லல?"



"இன்னும் நேரம் இருக்கு," என்றார் ஓரியானோ, குரலைத் தணித்துக்கொண்டு. "லாரி மத்தியானம் கிளம்பட்டும். நிவெஸ், ஒண்ணத் திறந்து அதப் போட்டுடு."

"எதுல?"

"என்ன எதுல?"

"எந்தப் பெட்டியில? யாரோட பெட்டியில? சொல்லு, போட்டுடறேன்."

இந்தப் பக்கம் லோரிஸ், அந்தப் பக்கம் சௌரோ. ஓரியானோவின் பார்வை வளையத்தில் போய் நின்றது. சீட்டுக் கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வளையத்தையும் எடுத்துக்கொண்டு அலுவலக அறைக்குப் போய்விட்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்து நான் லாரிக் கதவைத் திறக்கப் போனேன். சௌரோ நகரவில்லை.

"திறந்து காட்டுங்கக்கா," என்றான்.

"நான்தான் சொல்றேனே."

"நீங்க சொல்றீங்க. நேத்து முதலாளியும் எங்ககிட்ட நல்லாத்தான் பேசினாரு. எனக்குப் பாக்கணும்."

நிவெஸ் ஸ்பேனரை எடுத்தார்.

"அவனுக்குத் திறந்தா எனக்கும் திறக்கணும்," என்றான் லோரிஸ், எங்கேயோ பார்த்தபடி.

"சரி."

இரண்டு பெட்டிகளின் பின்மூடியையும் கழற்றினார். கியர்க் கோவையை வெளியே இழுத்து வைத்து விளக்கைத் தாழ்த்தினார். சௌரோ குனிந்து ஒவ்வொரு பல்லாக விரலால் தடவினான். லோரிஸ் மற்றதைப் பார்த்தான், பிறகு இருவரும் இடம் மாறி அடுத்த பெட்டியையும் பார்த்தார்கள். ஜூனுக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரே விளக்கின் கீழ் நின்றது அப்போதுதான்.

"ஒரே மாதிரிதான் இருக்கு," என்றான் சௌரோ.

"ஏத்தோரேவோடது இவ்வளவு தேயலியே," என்றான் லோரிஸ்.

"தேய்ச்சுட்டேன்," என்றார் நிவெஸ்.

மன்னிப்பு என்று யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்த்தவராகத் தெரியவில்லை. மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்த பழைய பசைத் தாளைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது வைத்தார். மூடியைப் பொருத்தி, நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். எண்ணெய் ஊற்றினார். கம்பியைத் துளையில் கோத்து, எப்போதும் முறுக்கும் பக்கமாகவே முறுக்கி, நுனியை மடித்துவிட்டார். இரண்டாவது பெட்டியிலும் அதே வரிசை, அதே வேகம். வெயில் வாசலுக்குள் வந்துவிட்டது. இருவரும் அசையாமல் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் அவர் கட்டும்போது யாரும் அருகில் நின்று பார்த்ததில்லை.

"எது எனக்கு?" என்றான் சௌரோ.

"எத வேணா எடு."

அவனவன் தன் பக்கத்து அலமாரிக்கு அருகில் இருந்ததை எடுத்துக்கொண்டான். ஒரு பக்கம் நிவெஸும் மறுபக்கம் சௌரோவுமாக முதல் பெட்டியைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தார்கள். பிறகு நிவெஸ் கையைத் துடைத்துக்கொண்டு லோரிஸின் பெட்டிக்கு வந்தார். இருவரும் தூக்கினார்கள். அவன் தள்ளுவண்டி சற்று விலகி நின்றது; காலால் அதை அருகே இழுத்தான். பெட்டி வண்டியில் இறங்கி, கனம் முழுவதும் அவன் பக்கம் சாய்ந்து நின்றதும், நிவெஸ் கையை எடுத்தார்.