வெற்றிலை வைத்து அழைத்த இணையதளம்

2023 ஜூன் 5 – இணைய முகவரி, ஓர் ஆண்டுக்கு: ரூ. 799
2023 ஜூன் 5 – பக்கம் அமைத்த கூலி, போளூர்: ரூ. 3,500
2023 ஜூன் 12 – ஆசிரியர் படம் எடுத்த வகையில்: ரூ. 150
2023 ஜூன் 18 – வெற்றிலை, பாக்கு: ரூ. 340
2024 ஜூன் 4 – முகவரியைப் புதுப்பிக்க: ரூ. 1,499 (கட்டவில்லை)

மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரின் தையற்காரர் ரேணுகாதேவி, தன் முதல் புத்தகம் அச்சேறுவதற்கு முன்னால் செய்த செலவு இது. நான்காவது வரியைப் பார்த்தவர்கள், இணையதளத்துக்கும் வெற்றிலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். சம்பந்தம் உண்டு. சொல்லப்போனால் அந்த வரியில்தான் புத்தகத்தின் தலையெழுத்தே இருந்தது.

கடைத்தெருவில் உரக்கடைக்கும் டயர் பஞ்சர் கடைக்கும் இடையில் அவருடைய கடை. இரண்டு தையல் இயந்திரம், ஒரு பெஞ்சு, சுவரில் ஒரு கண்ணாடி. பத்தொன்பது வருஷமாகப் பெயர்ப்பலகை கிடையாது. கணவர் சின்னராஜ் சாமை பயிரிடுகிறவர், நாலு புளியமரமும் உண்டு. பலகை எழுதிவிடலாம் என்று அவர் அவ்வப்போது சொல்வார். “பலகைய படிச்சிட்டா துணி குடுக்கறாங்க? பக்கத்து வூட்டுக்காரி போட்டிருக்கற ஜாக்கெட்ட பாத்துட்டுதான் குடுக்கறாங்க” என்பது ரேணுகாதேவியின் பதில். அதற்கு மேல் பேச்சு வளராது.

அளவெடுக்க நிற்கிற பெண்கள் வாயைத் திறந்தால் மூடமாட்டார்கள். யார் மகள் யாரோடு போனாள், எந்த மாமியார் எதைப் பூட்டி வைத்தாள், எல்லாம் அந்த டேப்புக்கு முன்னால் வந்து விழும். கேட்டதை அப்படியே எழுதாமல், ஒருத்தியின் வாயை இன்னொருத்தியின் வீட்டில் வைத்து, நாலு வருஷத்தில் பதினோரு கதை எழுதினார் ரேணுகாதேவி. தொகுப்புக்கு ‘அளவு ஜாக்கெட்’ என்று பெயர் வைத்தார். சரியாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைப் பெண்கள் தையற்காரரிடம் கொடுத்து வைப்பார்கள். அதைப் பார்த்துத்தான் புதியதை வெட்டுவது. அவருடைய அலமாரியில் அப்படி எண்பது தொண்ணூறு ஜாக்கெட்டுகள் எப்போதும் இருக்கும்.

2023 மார்ச்சில் கதைகளை வேலூரில் உள்ள ஒரு சிறிய பதிப்பகத்துக்கு அனுப்பினார். ஏப்ரல் கடைசியில் அங்கிருந்து பார்த்திபன் என்ற பதிப்பாசிரியர் போன் செய்தார்.

“கதைங்க நல்லாருக்குதுங்க. உங்களுக்கு வெப்சைட் இருக்குங்களா?”

“மெஷின் ரெண்டு கீது சார். வெப்சைட் இல்ல.”

“பிளாக்காவது?”

“அதுவும் இல்லீங்க.”

பார்த்திபன் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். “பேர் தெரியாதவங்க புத்தகம் கட்டு கட்டா குடோன்ல கெடக்குதுங்க. முதலாளி ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாரு. புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே படிக்கிற ஆளு இருக்கணும். ஒரு வெப்சைட் ஆரம்பிச்சு ரெண்டு மூணு கதைய போடுங்க. வருஷக் கடைசிக்குள்ள ஆயிரம் பேர் வந்து பார்த்திருந்தாங்கன்னா மேல பேசலாம்.”

ரேணுகாதேவி கலங்கவில்லை. ஆயிரம் பேர்தானே என்று நினைத்தார். தை, மாசி முகூர்த்தங்களுக்குள் அந்தக் கடைக்குள் வந்து போகாத ஆளா?

லைனிங் துணி எடுக்கப் போளூர் போனபோது, அங்கே கணினி மையம் வைத்திருக்கும் பழனியைப் பார்த்தார். அவன் மலையிலிருந்து இறங்கிப் போய்ப் படித்தவன், வாய்த்துடுக்கு அதிகம்.

“பேர் இன்னாக்கா வைக்கலாம்?”

“புத்தகத்து பேரே வையி.”

“ஜாக்கெட்டுன்னு வெச்சா ஜாக்கெட் வாங்கறவங்கதான் வருவாங்க.”

“வரட்டும். தெச்சுக் குடுக்கறேன்.”

மூன்று கதைகளை ஏற்றினான். பக்கத்தின் அடியில் சின்னதாக ஓர் எண் தெரிந்தது. “ஆள் வர வர இது ஏறும்க்கா” என்று காட்டிக் கொடுத்தான்.

இனி நடந்ததைப் புரிந்துகொள்ள ரேணுகாதேவியின் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணமோ காதுகுத்தோ, வீட்டுக்காரர் வீடு வீடாகப் போய், கையில் வெற்றிலை பாக்கு வைத்து, வாயால் வாங்க என்று சொல்ல வேண்டும். போனில் சொன்னது அழைப்பாகாது. அழைக்காவிட்டால் அடுத்த வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்க்க மாட்டார். வெற்றிலையை வாங்கிக்கொண்டால் வராமல் இருக்க முடியாது. ஊருக்குள் ஒரு காரியம் தொடங்கியது என்பதற்கு அதுதான் சாட்சி.

“இன்னா விசேஷம்னு கேட்டா இன்னாடி சொல்லுவ?” என்றார் சின்னராஜ்.

“என் கதை வந்திருக்குதுன்னு சொல்லுவேன்.”

“பந்தி கீதான்னு கேப்பாங்களே.”

“டீ கீதுன்னு நீ சொல்லு.”

ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை இருவரும் முப்பத்தொரு வீட்டுக்கு வெற்றிலை வைக்கக் கிளம்பினார்கள். முதல் வெற்றிலை ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் ராஜாக்கண்ணுவுக்கு. அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “சரிம்மா, எங்க வரணும்?” என்றார்.

“கடைக்கு வாங்க மாமா.”

தவறு அங்கேதான் நடந்தது. மலைக்குக் கீழே வேறு யாராக இருந்தாலும் முகவரியை நாற்பது பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அவரவர் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். ராஜாக்கண்ணு வீட்டில் மட்டும் மூன்று போன் இருந்தது. ஆனால் அழைத்தவர் இடத்துக்குப் போவதுதான் அங்கே மரியாதை. வீட்டில் உட்கார்ந்தபடி பார்த்தேன் என்றால், கல்யாணத்துக்கு வராமல் போட்டோ பார்த்தேன் என்பது போல. ரேணுகாதேவிக்கும் வேறு விதமாக அழைக்கத் தோன்றவில்லை.

வந்தார்கள். முப்பத்தொரு வீட்டிலிருந்தும் வந்தார்கள். வந்தவர்கள் சொல்லி, வெற்றிலை வாங்காத அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் தாங்களாகவே தைக்க வேண்டிய ஏதோ ஒரு துணியைச் சாக்காக எடுத்துக்கொண்டு வந்தார்கள். சிக்னல் கிடைக்கிற நாட்களில் காலையில் ரேணுகாதேவி தன் போனில் பக்கத்தைத் திறந்து பெஞ்சின்மேல் வைத்துவிடுவார். அது கைமாறிக் கைமாறி மாலைவரை சுற்றும். படிக்கத் தெரியாதவர்களுக்கு, எதிரே டிபன் கடை வைத்திருக்கும் வடிவு உரக்கப் படித்துக் காட்டுவார். தோசைக்கல்லை அணைத்துவிட்டு வந்து படித்த நாட்களும் உண்டு.

படித்தவர்கள் சும்மா போகவில்லை. மூன்றாவது கதையில் ஒருத்தி புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறாள். போகும்முன் தையற்கடைக்கு வந்து, கொடுத்து வைத்திருந்த ஜாக்கெட்டை வாங்கிக்கொள்கிறாள். கடைசியில் ஊர்த் திருவிழாவுக்குத் திரும்பி வந்து, புருஷனோடு சேர்ந்துவிடுகிறாள். எல்லோரும் தலையாட்டினார்கள். வடிவு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“இன்னா யக்கா எழுதியிருக்க? இவ எப்படித் திரும்பி வருவா?”

“ஏன், வரக்கூடாதா?”

“திரும்பி வர்றவ அளவு ஜாக்கெட்ட எதுக்கு எடுத்துட்டுப் போறா? எங்கயோ ஒரு ஊர்ல வேற டைலருகிட்ட குடுக்கத்தானே? அவ போனா போனதுதான்.”

ரேணுகாதேவி கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார். பத்தொன்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்துகொண்டு, தானே எழுதிய வரியின் அர்த்தம் தனக்குத் தெரியவில்லையே என்று சிரிப்பு வந்தது. முடிவை மாற்ற வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

எல்லோரும் படித்து முடித்த பிறகு, நவம்பரில் ஒருநாள், பக்கத்தின் அடியில் இருந்த எண்ணைப் பார்த்தார். நாற்பத்தொன்று. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நாற்பத்தொன்றுதான். அடுத்த பஸ்ஸில் போளூருக்குப் போனார்.

பழனி விழுந்து விழுந்து சிரித்தான். “ஒரே போனுக்கா! காலைல தெறந்தா சாயங்காலம் வரைக்கும் அது ஒரு ஆளு. ஊரே படிச்சாலும் ஒரு ஆளுதான். லிங்க்க அனுப்பியிருந்தா ஏறியிருக்கும்ல? இப்பவாவது அனுப்பு.”

“வந்து படிச்சிட்டுப் போனவங்கள மறுபடியும் வாங்கன்னு கூப்புடறதா?”

“சரி, முந்நூறு ரூபா குடு. ரெண்டே நாள்ல ஆயிரத்து எரநூறு காட்டறேன்.”

“யாரு வருவாங்க?”

“யாரும் வரமாட்டாங்க. நம்பர் மட்டும் வரும்.”

ரேணுகாதேவி மனசுக்குள் கணக்குப் போட்டார். முந்நூறு ரூபாய் இரண்டு ஜாக்கெட் தைக்கிற கூலி. அதைக் கொடுத்தால் புத்தகம் வந்துவிடும். வேலூரில் யாருக்கும் தெரியப்போவதில்லை. “ஆளே வராத கல்யாணத்துல எலையப் போட்டுட்டு எண்ணிக்கினு நிக்கிறதா? வேணாம்டா தம்பி” என்று சொல்லிவிட்டு, நூல்கண்டு வாங்கிக்கொண்டு மலையேறினார்.

டிசம்பர் 9, சனிக்கிழமை பார்த்திபன் போன் செய்தபோது கடையில் ஆறு பெண்கள். ரேணுகாதேவியின் இரண்டு கையும் ஊசிக்கு அடியில் பட்டுத்துணியைப் பிடித்திருந்தன. வடிவுதான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“நாப்பத்தொண்ணுதாங்க காட்டுது” என்றார் பார்த்திபன் வருத்தமான குரலில். “பக்கம் அமைச்சவர கேட்டேன், அதுல முப்பத்தெட்டு ஒரே போனாம்.”

“அந்தப் போன் என்னுதுதான் சார்.”

“நீங்களே பார்த்துக்கிட்டீங்களா?”

கடையே கொதித்துவிட்டது. “அப்ப நாங்கல்லாம் யாரு சார்?” என்றது ஒரு குரல். “படிச்சது படிச்சதில்லையா?” என்றது இன்னொன்று. “வெத்தல வாங்கிட்டு வந்து ஒக்காந்து படிச்சோம் சார், டீ கூட சக்கர கம்மி” என்றது மூன்றாவது. வடிவு எல்லோரையும் அதட்டி அடக்கிவிட்டுப் போனை வாயருகே கொண்டுபோனார்.

“சார், நான் டிபன் கடை வடிவு. அந்த மூணாவது கதைய நீங்க படிச்சீங்களா?”

“படிச்சேங்க.”

“அவ திரும்பி வந்தது சரியா?”

“எனக்கும் அது ஒட்டலதாங்க. ஏன்னு சொல்லத் தெரியல.”

“அளவு ஜாக்கெட்ட கையோட எடுத்துட்டுப் போயிட்டா சார். அதான்.”

பார்த்திபன் நன்றாகச் சிரித்தது கடை முழுக்கக் கேட்டது. பிறகு, அது என்ன வெற்றிலை என்று கேட்டார். ரேணுகாதேவி தைத்தபடியே சொன்னார்: எத்தனை வீடு, யார் யார், வாங்கினால் வந்தாக வேண்டும் என்ற வழக்கம். “புத்தகம் வந்தாலும் கூப்புடுவேன் சார். வாங்குவாங்களா மாட்டாங்களான்னு இவங்களையே கேளுங்க.”

“கூப்புட்டா வராம இன்னா சார்?” என்றார்கள் ஆறு பேரும்.

“முடிவ மாத்தி அனுப்புங்க. முதலாளிகிட்ட சொல்லிப் பாக்கறேன். நம்பர்தான் அவருக்கு ஆதாரம், அதனால உறுதி சொல்ல முடியாதுங்க” என்றார் பார்த்திபன்.

புதிய முடிவை ஜனவரியில் அனுப்பினார். அதில் அவள் திரும்பவில்லை. திருவிழா நடக்கிறது, தையற்காரி அலமாரியைத் திறந்து பார்க்கிறாள், அவ்வளவுதான். பிப்ரவரி போயிற்று, பங்குனி முகூர்த்தங்கள் போயின. வேலூரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

மே கடைசியில் இணைய முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லிச் செய்தி வந்தது. கட்டணம் முதல் வருஷத்தைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. கட்டாவிட்டால் ஜூன் 4-ஆம் தேதியோடு பக்கம் மறைந்துவிடும். பதிப்பகம் கேட்ட ஒரே நிபந்தனை அந்தப் பக்கம்தான்.

“கட்டிடலாமா? புளி வித்த காசு கீது” என்றார் சின்னராஜ்.

ரேணுகாதேவி ஒரு ராத்திரி யோசித்தார். இணையதளம் கெட்டது என்று அவர் நினைக்கவில்லை. முகம் தெரியாதவர்களைக் கூப்பிட வேறு வழியில்லை, என்றைக்காவது தேவைப்படும். ஆனால் எழுதத் தொடங்குகிறவருக்கு முதலில் வேண்டியது, எதிரில் உட்கார்ந்து, இவள் எப்படித் திரும்பி வருவாள் என்று கேட்கிற ஆள். அது அவருக்குக் கிடைத்துவிட்டது. எவ்வளவு பணம் கட்டினாலும் அந்தப் பக்கம் இன்னொரு வடிவைக் கொண்டுவரப் போவதில்லை.

“வேணாம். புத்தகம் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.”

“புத்தகமே வரலன்னா?”

“வேற எடத்துக்கு அனுப்புவேன். வேலூரு ஒண்ணுதான் ஊரா?”

ஜூன் 4 அன்று பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இன்றோடு என் பக்கம் மூடப்படுகிறது, நாற்பத்தொன்று என்ற எண்ணையும் இனி நீங்கள் பார்க்க முடியாது, கதைகள் உங்களிடம் இருக்கின்றன, அவற்றைப் படித்து முடிவு சொல்லுங்கள், வேண்டாம் என்றால் அதையும் எழுதிவிடுங்கள், வேறிடம் அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் எழுதியிருந்தார். ஒட்டித் தபாலில் போட்டுவிட்டு வந்து, பாதியில் விட்டிருந்த கழுத்துப்பட்டியைத் தைக்க உட்கார்ந்தார்.

பதிலை முதலாளியே கைப்பட எழுதியிருந்தார். மூன்றாவது கதையை இரண்டு முடிவுகளோடும் வீட்டில் படிக்கக் கொடுத்ததாகவும், அவருடைய மனைவி இரண்டாவதைப் படித்துவிட்டு இரவுச் சாப்பாட்டில் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததாகவும், நானூறு படிகள் அச்சிடப்போவதாகவும், நூறு படிகள் நேராக ஜமுனாமரத்தூருக்கு வரும், அழைப்பு உங்கள் பொறுப்பு என்றும் அதில் இருந்தது. கையெழுத்துப் போட ஒப்பந்தம் இரண்டு தாள் உள்ளே மடித்து வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கடிதம் ரேணுகாதேவியின் கைக்கு வந்தது 2024 ஆகஸ்ட் 21, புதன்கிழமை.